தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறது

கேள்வி: என் மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி விட்டதும் மாலை 3.30 முதல் 6.45 வரை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்டிவிட்டி கிளப்பில் விடுகிறோம். கிளப் வேனே பள்ளியிலிருந்து கூட்டிப் போய்விடும். பரதம், செஸ், ஓவியம், அபாகஸ் என்று கிழமைக்கு ஒன்று சொல்லித் தருகிறார்கள். சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறது. வீட்டுக்குள் கால் வைத்ததும் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். புதன்கிழமை மட்டும் போகமாட்டேன் என்று அழுகிறாள். ஏன் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. கிளப் நடத்தும் மேடத்திடம் கேட்டேன். "எல்லா ரூம்லயும் சிசிடிவி இருக்கு, உங்க போன்லயே பாத்துக்கலாம். கவர்மென்ட் ரிஜிஸ்ட்ரேஷனும் வாங்கியிருக்கோம்" என்றார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? ஒரு கிளப் நன்றாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: இது வீண் பயம் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே பெரிய தடயம் அந்தப் பாட்டில்தான்.

மூன்றேகால் மணி நேரம் ஆடி ஓடும் பிள்ளை ஒரு வாய்கூடத் தண்ணீர் குடிக்கவில்லை என்றால் விளையாட்டில் மறந்திருக்கலாம். ஆனால் பாட்டிலும் நிரம்பி வந்து, வந்ததும் பாத்ரூமுக்கும் ஓடுகிறாள் என்றால் அது மறதி இல்லை. தண்ணீர் குடித்தால் அங்கே பாத்ரூம் போகவேண்டி வரும், அதனால் குடிக்காமல் இருக்கிறாள். 7 வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஆகவே செஸ் யார் சொல்லித் தருகிறார்கள் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தக் கிளப்பின் கழிப்பறையைப் பாருங்கள்.

காலையில் கழுவி விட்ட நேரத்தில் போக வேண்டாம். மாலை 5 மணிக்கு மேல், கூட்டம் இருக்கும்போது போங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, உங்கள் மகளின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டுகிறதா, இறுகிக் கிடக்கிறதா? ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டு அழுத பிள்ளை அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாது. லைட் சுவிட்ச் வெளியே இருக்கிறதா? பெரிய பிள்ளைகள் விளையாட்டாக அணைத்துவிட்டு ஓடுவது ரொம்பச் சாதாரணமாக நடப்பது. தரை வழுக்குகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா? வீட்டை வாடகைக்கு எடுத்துக் கிளப் நடத்தும் இடங்களில் பெரும்பாலும் ஒரே பாத்ரூம்தான். அதையே டியூஷனுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பையன்களும், சார்களும், வேன் டிரைவரும் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒன்று தனியாக இருந்தே ஆகவேண்டும். முடியாது என்றால், அவர்கள் போகும் நேரமாவது தனியாக இருக்கவேண்டும்.

இன்னொன்று, அற்பமாகத் தோன்றும்: உடை. பரத வகுப்புக்கு நாடா வைத்த பைஜாமா போட்டு அனுப்புகிறீர்களா? ஈரக் கையில் அந்த முடிச்சை அவிழ்க்க 7 வயதில் எல்லோராலும் முடியாது. அவிழ்த்தாலும் திரும்பக் கட்டத் தெரியாது. மிஸ்ஸிடம் கேட்க வெட்கம். அந்தக் கிழமை புதன் என்றால் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

கிளப்பிடம் கேட்க வேண்டியது இதுதான். வேன் வந்து இறங்கியதும் ஒருமுறை, 5.15 வாக்கில் ஒருமுறை, கிளம்புமுன் ஒருமுறை என்று எல்லாப் பிள்ளைகளையும் சொல்லி அனுப்பவேண்டும். தண்ணீருக்கும் அப்படியே. கேரளப் பள்ளிகள் 2019இல் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கின. கேட்டால்தான் அனுமதி என்று வைத்தால் கூச்சப்படும் பிள்ளை கேட்காது; "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்று ஒருமுறை அதட்டிவிட்டால் அதோடு முடிந்தது. பாத்ரூமுக்குக் கூட்டிப் போகும் ஆயா வெளியே, மற்றவர்கள் பார்வை படும் இடத்தில் நிற்கவேண்டும். அவசியம் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. உடை மாற்றிவிட நேர்ந்தால் இன்னொரு பெரியவருக்குச் சொல்லிவிட்டுச் செய்து, அன்று மாலையே உங்களிடமும் தெரிவிக்கவேண்டும்.

இடையில் மகளுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, காரணம் தெரியாத காய்ச்சல், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது என்று ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அடக்கி அடக்கி வைப்பதால் கிருமித்தொற்று வரலாம், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது புதன்கிழமை. காரணம் தெரியும்வரை புதன்கிழமை அனுப்பவேண்டாம். பாட்டி வீடோ, பக்கத்து வீடோ, அரை நாள் லீவோ, எப்படியாவது சமாளியுங்கள். கிளப்பிலிருந்து வாரக் கால அட்டவணையை வாங்கி, புதனன்று மட்டும் எது மாறுகிறது என்று பாருங்கள். அன்று மட்டும் வரும் ஆசிரியர் யார்? அன்று மட்டும் வராத ஆயா யார்? எந்த அறை, மாடியா கீழேயா? அன்று பெரிய பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைக்கிறார்களா? வேன் ஓட்டுபவர் மாறுகிறாரா? இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு வித்தியாசம் கண்ணில் படும்.

மகளிடம் கேட்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். எதிரே உட்கார வைத்து "யாராவது அடிச்சாங்களா? தொட்டாங்களா?" என்று கேட்டால் பிள்ளை மிரண்டுபோகும், அல்லது நீங்கள் எதிர்பார்ப்பதாக நினைத்து "ஆமாம்" என்று சொல்லிவிடும். ஏதாவது வேலை செய்துகொண்டே, பூத் தொடுக்கும்போதோ, அவள் படம் வரையும்போதோ, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "புதன்கிழமை வேன்லேர்ந்து இறங்கினதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க? அப்புறம்?" அந்த "அப்புறம்"தான் உங்கள் ஒரே கேள்வி. எந்த இடத்தில் கதை தாவுகிறதோ, எங்கே குரல் இறங்குகிறதோ, அங்கே ஏதோ இருக்கிறது. அன்றே தோண்ட வேண்டாம், மறுநாள் அதே இடத்துக்கு வாருங்கள். வேனில் ஒரு பெரிய பையன் பட்டப்பெயர் வைப்பது, செஸ்ஸில் தோற்றால் எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பது போன்றதாகவும் இருக்கலாம். அவளுக்கு அதுவே மலை. சரிசெய்யச் சொல்லி நீங்கள் தலையிட வேண்டிய விஷயமும்தான்.

யாரோ தகாத முறையில் தொட்டதாக அவள் சொன்னால், அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள். கிளப் மேடத்துக்கு முதலில் போன் போடவும் வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அல்லது காவல் நிலையம்தான் முதல் அழைப்பு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவு தகவல் தெரிந்த எவரும் புகார் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. நிறுவனத்தை நடத்துபவர் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை. பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகவேண்டுமே என்று தயங்க வேண்டாம். வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், வருபவர் சீருடையில் வரக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அடித்தது, இருட்டறையில் பூட்டியது போன்ற கொடுமை என்றால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலுள்ள நிறுவனத்தின் ஊழியர் செய்தால் அதன்படி ஐந்தாண்டுவரை கடுங்காவல், ஐந்து லட்சம்வரை அபராதம்.

இனி அந்த மேடம் சொன்ன பதிலுக்கு வருவோம். சிசிடிவி நடந்ததைப் பிறகு பார்க்க உதவும், நடக்கும்போது தடுக்க உதவாது. அதைவிட முக்கியம், பிள்ளைகளுக்குத் தொல்லை வரும் இடங்களில் அது இருக்காது: பாத்ரூம் போகும் நடை, மாடிப்படித் திருப்பம், மொட்டை மாடி, வேன். போனிலேயே பார்க்கலாம் என்பது ஒரு வசதி போலத் தெரியும். அந்த லிங்க் 40 பெற்றோரிடம் இருக்கிறது என்றால் உங்கள் மகளை 40 குடும்பமும், அவர்கள் போனை எடுத்துப் பார்க்கும் எவரும் பார்க்கிறார்கள் என்றுதான் பொருள். பதிவு எத்தனை நாள் அழியாமல் இருக்கும், யார் எடுத்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் கேமரா வெறும் அலங்காரம்.

"கவர்மென்ட் ரிஜிஸ்ட்ரேஷன்" என்றால் எந்தச் சான்றிதழ் என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் உத்யம் பதிவோ ஜிஎஸ்டி எண்ணோதான் கைக்கு வரும். உத்யம் என்பது சிறுதொழில் செய்பவர் தாமே விவரம் கொடுத்து ஆன்லைனில் இலவசமாகப் பெறுவது. பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரும் வந்து பார்த்துக் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளும் கிளப்புகள் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பிடம் பதிவு செய்து, சோதனைக்கும் உட்படவேண்டும். நம் ஊரில் மாலை நேர கிளப்புகளுக்கு அப்படியொரு சோதனை இல்லாததால் அந்த இன்ஸ்பெக்டர் வேலை பெற்றோர் தலையில்தான்.

ஆனால் உங்கள் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் 3ஆம் விதி, பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாடமி மட்டுமல்லாமல் பிள்ளைகள் வந்துபோகும் எந்த இடமாக இருந்தாலும், அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்திருக்கவேண்டும் என்கிறது. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பேதம் இல்லை. பாடம் நடத்துபவர், நடத்தாதவர் என்ற பேதமும் இல்லை. வாரம் ஒருநாள் வந்துபோகும் செஸ் சாருக்கும், ஆயாவுக்கும், வேன் டிரைவருக்கும் அது பொருந்தும். "புதன்கிழமை வர்ற சாரோட வெரிஃபிகேஷன் எந்தத் தேதியில வாங்கினீங்க?" என்று மரியாதையாகவே கேட்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் "அதெல்லாம் கஷ்டம்" என்ற சாக்கு செல்லாது. ஒன்று மட்டும்: சரிபார்ப்பில் பழைய வழக்குதான் தெரியும். வழக்கே ஆகாதவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது என்ற வழக்கம் அந்தக் காகிதத்தைவிடப் பெரிய காவல்.

ஆள் கணக்கையும் சரியான நேரத்தில் எடுக்கவேண்டும். "40 பிள்ளைகளுக்கு 5 மிஸ்" என்று சொல்வார்கள். 4.30க்குப் போனால் அது உண்மையாகவும் இருக்கும். டான்ஸ் மிஸ் 5.30க்குக் கிளம்புவார், அபாகஸ் மிஸ்ஸுக்கு 6 மணிக்கு வேறு இடத்தில் வகுப்பு. 6.15க்கு 20 பிள்ளைகளோடு ஒரு ஆயா மட்டும் இருப்பார், அவரும் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். பிள்ளை விழுவதும் தள்ளுமுள்ளும் கேட்டைத் தாண்டி ஓடுவதும் அந்த அரை மணியில்தான். ஒரு கிளப்பின் தரத்தை அளக்க 6 மணியிலிருந்து 6.45 வரை போல நேரம் வேறில்லை. இரண்டு மூன்று நாள், வழக்கத்தைவிட அரை மணி முன்னால், சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

எத்தனை பேர் இருந்தால் போதும்? நம் நாட்டின் 2013ஆம் ஆண்டு முன்பருவக் கல்விக் கொள்கை 3 முதல் 6 வயதுவரையுள்ள 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்கிறது. அது முன்பருவப் பள்ளிக்கான கணக்கு. பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசி பரிந்துரைப்பது 4 முதல் 8 வயதுவரை 6 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 12 வரை 8 பேருக்கு ஒருவர். கோவையில் நடைமுறைக்கு ஒத்து வருவதாக எங்கள் பரிந்துரை 10 பிள்ளைகளுக்கு ஒருவர். எத்தனை குறைவான பிள்ளைகள் இருந்தாலும் இரண்டு பெரியவர்கள். ஒரு பிள்ளைக்கு மண்டையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் மீதியைப் பார்க்க ஆள் வேண்டுமே. சமைப்பவரையும் டிரைவரையும் கணக்கில் சேர்க்கக்கூடாது.

வேனுக்கு நான்கு கேள்வி போதும். நம்பர் பலகை மஞ்சளா, வெள்ளையா? வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. அதைக் காசு வாங்கி ஓட்டினால் விதிமீறல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். டிரைவரைத் தவிர ஒரு பெண் உதவியாளர் இருக்கிறாரா? பள்ளி கேட்டில் ஏறும்போது எண்ணி, கிளப்பில் இறங்கும்போது எண்ணி, பெயர்ப் பட்டியலில் டிக் போடுகிறார்களா? கடைசிப் பிள்ளை இறங்கியதும் பின் சீட்டுவரை நடந்து போய்ப் பார்ப்பவர் யார்? தூங்கிப்போன பிள்ளை பூட்டிய வேனில் கிடந்தால் நம் ஊர் வெயிலில் உயிருக்கே ஆபத்து. உங்கள் பக்கம் செய்யவேண்டியதும் உண்டு. அவள் பள்ளிக்கே போகாத நாளில் 2 மணிக்குள் கிளப்புக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் "இன்னைக்கு லீவா இருக்கும்" என்று அவர்களாகவே முடிவு செய்யப் பழகிவிடுவார்கள். உண்மையிலேயே காணாமல் போகும் நாளிலும் அதையே செய்வார்கள். நல்ல கிளப், பட்டியலில் உள்ள பிள்ளை கேட்டில் இல்லை என்றால் வண்டியை எடுக்காமல் அங்கிருந்தே உங்களுக்குப் போன் போடும்.

கூட்டிப் போக வருபவர்கள் மூன்று பேரின் பெயரும் புகைப்படமும் கொடுத்து வையுங்கள். வேறு யாராவது வந்தால், "மாமா"வே ஆனாலும், உங்களிடம் பேசாமல் அனுப்பக்கூடாது. ஒருநாள் உங்கள் தம்பியை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். அனுப்பிவிட்டார்கள் என்றால் மற்ற எந்த விதியும் அங்கே காகிதத்தில்தான் இருக்கிறது.

சாப்பாட்டில் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. 12.30க்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு 4 மணிக்குள் ஏதாவது வயிற்றில் போகவேண்டும். சுண்டல், வாழைப்பழம், இட்லி எதுவானாலும் சரி, தினமும் பாக்கெட் பிஸ்கட் வேண்டாம். அவர்களே சமைத்துக் கொடுத்தால் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கவேண்டும். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடும் இடத்தில் முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "லேசா காய்ச்சல் இருந்துச்சு, சிரப் கொடுத்தோம்" என்று சொல்லும் இடம் அன்பான இடம் போலத் தோன்றும். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒருவேளை உச்ச அளவு 300 மில்லிகிராம். முதல் வகையில் அது 12.5 மில்லி, இரண்டாவதில் 6 மில்லி. பாட்டில் மாறினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். காலையில் நீங்களும் கொடுத்திருந்தால் அதற்கு மேல் இதுவும் சேரும். ஆகவே உங்கள் எழுத்து அனுமதி, உங்கள் வீட்டு பாட்டில், கொடுத்த நேரம் குறித்த நோட்டு, இந்த மூன்றும் இல்லாமல் எந்த மருந்தும் கொடுக்கக்கூடாது. அடிபட்டாலும் அதே நோட்டில் எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்கவேண்டும். தலையில் அடி என்றால் வீக்கம் இல்லாவிட்டாலும் உடனே போன்.

கட்டடத்தை ஒரு சுற்றுப் பார்த்தால் போதும். மாடியில் நடக்கிறது என்றால் இரண்டாவது வழி இருக்கிறதா? கிரில் கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை யாராவது பையில் போட்டுக்கொள்கிறார்களா? மொட்டை மாடியில் ஓலைக் கூரை போட்டு வகுப்பு நடக்கிறது என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைப் பறித்த தீ பிடித்தது ஓலைக் கூரையில்தான். பவுடர் வகைத் தீயணைப்பான் என்றால் அதன் அழுத்தத்தைக் காட்டும் முள் பச்சையில் நிற்கவேண்டும்.

இவ்வளவையும் ஒரே நாளில் கேட்டால் சண்டைக்கு வந்ததாக நினைப்பார்கள். முதல் வாரம் கழிப்பறை, 6 மணி ஆள் கணக்கு, புதன்கிழமை ஆசிரியரின் சரிபார்ப்பு. இந்த மூன்றை மட்டும் நேரில் பேசிவிட்டு, பேசியதை அன்றிரவே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அனுப்பிவிடுங்கள். பிறகு "அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு எழாது. பெற்றோர் குரூப்பில் போடாதீர்கள். போட்டால் கிளப் தற்காப்பில் இறங்கிவிடும், வேலை நடக்காது. ஆனால் அதே வேனில் வரும் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்களிடம், அவர்கள் பாட்டில் எப்படித் திரும்பி வருகிறது என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். மேடத்தின் பதிலில் கவனிக்க வேண்டியது தொனி. "நானும் பாக்கறேன், வெள்ளிக்கிழமைக்குள்ள தாழ்ப்பாளை மாத்திடறேன்" என்பவரிடம் குறைகள் இருந்தாலும் பிள்ளையை விடலாம். "வேற யாருமே இப்படிக் கேட்டதில்லையே" என்பவரிடம் எல்லாம் பளபளப்பாக இருந்தாலும் யோசியுங்கள்.

இரண்டு வாரத்தில் எதுவும் மாறாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஆண்டுக் கட்டணம் முன்பணமாகக் கட்டியிருப்பதால் பொறுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். மீதிப் பணத்தை எழுதிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போடலாம்.

நாளைக்கே செய்ய ஒன்று: மகளின் பாட்டிலில் பாதி உயரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கிளப்புக்குப் போகுமுன் பள்ளியிலேயே அதை நிரப்பிக்கொள்ளச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது தண்ணீர் கோட்டுக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று தினமும் காலண்டரில் குறித்து வாருங்கள். அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். கிளப்பில் தாழ்ப்பாள் மாறிய வாரத்தில் அந்தக் குறிப்பு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.